மாலி நாட்டு மன்னர் ஹாஜி மூஸா

ஹஜ் என்னும் புனிதக் கடமையை நிறைவேற்றத் தலைவர்களும் தொண்டர்களும், செல்வர்களும் வறியவர்களும் காலங்காலமாய் மக்கா மாநகர் நோக்கிச் சென்று வருகின்றனர். மன்னர்கள் பலரும் அவ்வாறு சென்றதுண்டு. ஆயினும் ஒரு மன்னரின் ஹஜ்ஜுப் பயணம், நடந்து முடிந்து எழுநூறு ஆண்டுகள் ஆன பின்பும் இன்றளவும் பேசப்பட்டு வருகிறது. அவர்தாம் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டை ஆண்ட மன்ஸா மூஸா. மன்ஸா என்பது அந்நாட்டு மொழியில் அரசர் என்று பொருள்படும் பட்டம்.

இந்த மன்னரின் பெயரை நம் வீட்டுப் பிள்ளைகளிற் சிலர் நமக்கு முன்பே அறிந்திருக்கின்றனர். கணினியில் நாடுகளைக் கட்டி ஆளும் விளையாட்டுகள் சில உள்ளன. அவற்றுள் புகழ்பெற்ற சிவிலைசேஷன் என்னும் விளையாட்டில் 2005ஆம் ஆண்டிலும், பின்னர் 2019ஆம் ஆண்டிலும் மாலி நாட்டின் தலைவராக மன்ஸா மூஸா இடம் பெற்றார். அவற்றில் அவருடைய தனிச் சிறப்பு பொன்தான். உலகில் தோன்றியவர்களிலேயே பெரும் செல்வர் அவர்தாம் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் பட்டியல்களும் வெளிவந்தன. அவருடைய செல்வத்தை இன்றைய பணத்தில் அளந்து சொல்ல எந்த வரலாற்றாசிரியராலும் இயலாது.

பொன்னைக் கொண்டே அவரை அறிந்தவர்கள் அவருடைய ஹஜ்ஜை அறியவில்லை என்றே நாம் சொல்வோம். அந்த ஹஜ்ஜில் பெருமைப்படத் தக்கதும் உண்டு. எச்சரிக்கை கொள்ளத் தக்கதும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் பார்ப்பதே நமக்குப் பயன் தரும்.

பொன்னும் உப்பும்

செனகல் நதிக்கும் நைஜர் நதிக்கும் இடையே பம்புக், பூரே என்னும் பகுதிகளில் ஆற்று மணலிலும் மண்ணிலும் பொன் கிடைத்தது. அந்த நாடுகளில் உப்பு கிடைப்பது அரிது. வடக்கே ஸஹாராப் பாலைவனத்தின் நடுவில் தகாஸா என்னும் ஊர் முழுவதும் உப்புப் பாறை. அங்கே வீடுகளும் பள்ளிவாசலும் உப்புக் கட்டிகளால் கட்டப்பட்டு, மேலே ஒட்டகத் தோல் போர்த்தப்பட்டிருந்ததை இப்னு பதூதா (ரஹ்) நேரில் கண்டு எழுதியுள்ளார். வலாத்தா நகரில் எட்டு அல்லது பத்து மித்கால் பொன்னுக்கு விற்ற ஓர் ஒட்டகச் சுமை உப்பு, மாலியின் தலைநகரில் இருபது முப்பது மித்காலுக்கும், சில வேளை நாற்பதுக்கும் விற்றது. ஒரு மித்கால் ஏறத்தாழ நாலேகால் கிராம். நம் கணக்கில் அரைப் பவுனுக்குச் சற்று மேல்.

வடக்கேயிருந்து உப்பும் துணியும் குதிரையும் வந்தன. தெற்கேயிருந்து பொன் சென்றது. இந்த வணிகர்களோடு தீனும் வந்தது. தொழுகையும் நோன்பும் கொடுக்கல் வாங்கலில் நேர்மையும் கண்டு நகர மக்களும் அரசர்களும் இஸ்லாத்தைத் தழுவினர். 1235ஆம் ஆண்டளவில் சுன்ஜாத்தா என்னும் வீரர் மாலிப் பேரரசை நிலைநாட்டினார். அவருடைய மகனார் மன்ஸா உலீ, மிஸ்ர் தேசத்தை சுல்தான் பைபர்ஸ் ஆண்ட காலத்திலேயே ஹஜ்ஜுக்குச் சென்று வந்தவர். ஆகவே மூஸாவுக்கு முன்பே அந்த அரச குடும்பத்தில் ஹஜ்ஜின் வழி திறந்திருந்தது.

அரியணை ஏறிய விதம்

மூஸா ஏறத்தாழ 1312ஆம் ஆண்டில் ஆட்சிக்கு வந்தார். அதைப் பற்றி அவர் தாமே சொன்ன செய்தியை அறிஞர் அல்உமரீ (ரஹ்) பதிவு செய்துள்ளார். மூஸாவுக்கு முன்பிருந்த அரசருக்கு, மேற்கே விரிந்து கிடக்கும் பெருங்கடலுக்கு ஓர் எல்லை இருக்க வேண்டும் என்ற எண்ணம் உண்டாயிற்று. ஆட்களையும், பல ஆண்டுகளுக்குப் போதுமான பொன்னையும் தண்ணீரையும் உணவையும் ஏற்றிக் கப்பல்களை அனுப்பினார். நெடுங்காலம் கழித்து ஒரே ஒரு கப்பல் திரும்பி வந்து, மற்றவை கடல் நடுவே ஒரு பெரும் நீரோட்டத்தில் மறைந்து போயின என்று கூறிற்று. அரசர் நம்பவில்லை. இரண்டாயிரம் கப்பல்களை ஆயத்தம் செய்து, மூஸாவைத் தம் பிரதிநிதியாக அமர்த்திவிட்டுத் தாமே கடலேறினார். பிறகு அவரை யாரும் காணவில்லை. பிரதிநிதியாக இருந்தவர் மன்னரானார்.

மூஸாவின் நாடு நீளத்திலும் அகலத்திலும் நான்கு மாதப் பயணத் தொலைவு கொண்டது என்று, மாலியில் நீண்ட காலம் வாழ்ந்த ஷெய்கு ஒருவர் அல்உமரீயிடம் தெரிவித்தார். அட்லாண்டிக் கடற்கரைப் பக்கத்திலிருந்து நைஜர் நதியின் வளைவு வரை அது விரிந்திருந்தது. மூஸா மாலிக்கி மத்ஹபின் சட்டங்களைக் கற்றவர் என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸீ (ரஹ்) எழுதுகிறார். தொழுகையிலும் குர்ஆன் ஓதுவதிலும் திக்ரிலும் அவர் விடாது ஈடுபட்டிருந்ததை அவரோடு பழகிய மிஸ்ர் அதிகாரிகளும் கண்டனர்.

புறப்பட்ட கூட்டம்

ஆட்சிக்கு வந்து பத்தாண்டுகளுக்குப் பின் மூஸா ஹஜ்ஜுக்கு நிய்யத் வைத்தார். நாட்டைத் தம் மகனார் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டார். அவருடன் சென்றவர்கள் எத்தனை பேர் என்பதில் வரலாற்று நூல்கள் வேறுபடுகின்றன. சில நூல்கள் அறுபதாயிரம் பேர் என்கின்றன. எண்ணிக்கை எதுவானாலும், ஒரு பட்டணமே பெயர்ந்து பாலைவனத்தில் நடந்தது போல் இருந்திருக்கும். ஒட்டகங்களில் எண்பது சுமை பொன் இருந்தது என்பர் சிலர். நூறு சுமை என்பர் சிலர். அவருக்கு முன்னால் ஐந்நூறு அடிமைகள் பொற்கோல்களை ஏந்தி நடந்தனர் என்று, திம்புக்த்து நகரத்து அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸஅதீ (ரஹ்) பதினேழாம் நூற்றாண்டில் எழுதிய நூல் கூறுகிறது. வழியில் வெள்ளிக்கிழமை எந்த இடத்தில் வந்ததோ அந்த இடத்தில் ஒரு பள்ளிவாசல் கட்டச் செய்தார் என்றும் அந்நூலில் காண்கிறோம்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். இறைவனின் இல்லத்தை நோக்கிச் செல்லும் ஒருவர் இரண்டு வெள்ளைத் துணிகளுக்குள் வந்து நிற்க வேண்டியவர். அவருக்கு முன்னால் பொற்கோல்கள் ஏன் நடந்தன? அதைச் சுமந்த மனிதர்கள் தங்கள் விருப்பப்படி வந்தவர்கள் அல்லர். அக்காலத்து அரசர்கள் எல்லோரிடமும் இருந்தது போல மூஸாவிடமும் அடிமைகள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அடிமையை உரிமை விடுவது பெரும் நன்மை என்று கற்பித்த மார்க்கத்தைச் சார்ந்த நாம், இந்தக் காட்சியைக் கண்டு வியப்படைவதோடு நின்றுவிடலாகாது.

மிஸ்ரில் மன்னர்

ஹிஜ்ரி 724ஆம் ஆண்டு ரஜப் மாதம், அதாவது 1324 ஜூலையில், இந்தக் கூட்டம் காஹிரா நகரின் எல்லையை அடைந்தது. பிரமிடுகளுக்கு அருகே தங்கி, மிஸ்ர் சுல்தான் அந்நாஸிர் முஹம்மதுக்கு ஐம்பதாயிரம் தீனார் பொன்னை மூஸா அன்பளிப்பாக அனுப்பினார். பின் நைல் நதியைக் கடந்து நகருக்குள் வந்தார். சுல்தான் அவருக்குக் கராஃபாப் பகுதியில் மாளிகை அளித்தார். நம்மில் பலர் பின்பற்றும் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் அடங்கியிருப்பதும் அந்தக் கராஃபாவில்தான். ரஜப் முதல் ஷவ்வால் வரை மூஸா அங்கே தங்கினார். ரமளான் நோன்பும் பெருநாளும் அவருக்கு மிஸ்ரிலேயே கழிந்தன.

அங்கே நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் மூஸாவின் உள்ளத்தை நமக்குத் திறந்து காட்டுகின்றன. இரண்டையும் அல்உமரீ, நிகழ்ச்சியில் தொடர்புடையவர்களிடமே கேட்டு எழுதியுள்ளார்.

முதல் நிகழ்ச்சி, நெற்றியைப் பற்றியது. மூஸாவை வரவேற்கும் பொறுப்பிலிருந்த அதிகாரி, கோட்டைக்கு வந்து சுல்தானைச் சந்திக்குமாறு அவரை அழைத்தார். மூஸா மறுத்தார். தாம் வந்தது ஹஜ்ஜுக்காக; அதனுடன் வேறெதையும் கலக்க விரும்பவில்லை என்று சொல்லிவிட்டார். அவர் மறுத்ததன் உண்மைக் காரணத்தை அதிகாரி புரிந்து கொண்டார். சுல்தானின் முன் சென்றால் தரையையும் அவருடைய கையையும் முத்தமிட வேண்டும். அதற்கு மூஸாவின் மனம் ஒப்பவில்லை. அதிகாரி பலமுறை வற்புறுத்தி ஒருவாறு இசைய வைத்தார். சபைக்குள் சென்றதும், தரையை முத்தமிடும்படி சொல்லப்பட்டது. மூஸா வெளிப்படையாகத் தயங்கி நின்றார். அவருடன் இருந்த அறிவாளி ஒருவர் காதில் ஏதோ சொன்னார். உடனே மூஸா, தம்மைப் படைத்த அல்லாஹ்வுக்கே ஸஜ்தாச் செய்வதாக எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டு ஸஜ்தாச் செய்தார். சுல்தானும் பெருந்தன்மையோடு சற்று எழுந்து அவரைத் தம் பக்கத்தில் அமர்த்திக் கொண்டார். இருவரும் நெடுநேரம் உரையாடினர். மரியாதை ஆடைகளும் குதிரைகளும் ஹஜ்ஜுப் பயணத்திற்கான ஒட்டகங்களும் உணவுப் பொருள்களும் சுல்தானிடமிருந்து வந்தன.

பொன் நிறைந்த கையோடு அந்நிய நாட்டில் நிற்கும் ஒருவர், தம் நெற்றி யாருக்கு உரியது என்பதை மறக்கவில்லை. இது மகிழத்தக்க செய்தி. ஆனால் அவருடைய சொந்த அரண்மனையில், மன்னர் முன் வருகிறவர்கள் பணிந்து தங்கள் தலைமேல் மண்ணை வாரிப் போட்டுக் கொள்ளும் பழைய வழக்கம் நின்றபாடில்லை. அவர் தம்பி ஆண்ட காலத்திலும் அதை இப்னு பதூதா கண்டு வருந்தினார். பிறருக்குப் பணிய மறுப்பது எளிது. பிறர் நமக்குப் பணிவதை மறுப்பதே கடினம். வீட்டிலும் கடையிலும் நமக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோம் என்று இந்த இடத்தில் நம்மை நாமே கேட்டுக் கொள்ளலாம்.

மன்னருக்கும் விலக்கில்லை

இரண்டாம் நிகழ்ச்சி இதனினும் பெரிது. காஹிராவின் பழைய நகரப் பகுதிக்கும் கராஃபாவுக்கும் ஆளுநராக இருந்தவர் இப்னு அமீர் ஹாஜிப். அவர் மூஸாவுடன் நெருங்கிப் பழகினார். மாலி நாட்டு வழக்கங்களை மூஸா அவரிடம் சொல்லி வருகையில் ஒரு வழக்கத்தையும் குறிப்பிட்டார். தம் குடிமக்களில் யாருக்கேனும் அழகிய மகள் இருந்தால், அவளை மன்னருக்கு அளிப்பார்கள். மன்னர் நிக்காஹ் இல்லாமலே அவளை அடிமைப் பெண்ணைப் போல ஏற்றுக் கொள்வார். இதில் தவறு இருப்பதாக மூஸா அறிந்திருக்கவில்லை. பாட்டன் காலம் முதல் நடந்து வருவதைச் சொல்லும் குரலிலேயே சொன்னார்.

இப்னு அமீர் ஹாஜிப் சிரித்து மழுப்பவில்லை. வந்திருப்பவர் நூறு சுமைப் பொன்னோடு வந்த அரசர், தமக்கும் தம் நகருக்கும் கொடை வழங்குகிறவர் என்று பார்க்கவில்லை. சுதந்திரமான முஸ்லிம் பெண்ணை நிக்காஹ் இன்றித் தொடுவது ஒரு முஸ்லிமுக்கு ஆகுமானதன்று என்று நேராகச் சொன்னார். அரசர்களுக்குமா ஆகாது என்று மூஸா கேட்டார். அரசர்களுக்கும் ஆகாது, வேண்டுமானால் உலமாக்களிடம் விசாரித்துக் கொள்ளலாம் என்று பதில் வந்தது. அதைக் கேட்ட மூஸா, தமக்கு இது தெரியாமலிருந்தது என்றும், இந்த நேரம் முதல் அதை முற்றிலும் விட்டுவிட்டதாகவும் அல்லாஹ்வின் மீது ஆணையிட்டுச் சொன்னார்.

நாம் இந்த வரலாற்றை எழுத எடுத்துக் கொண்டதே இந்த ஒரு நிகழ்ச்சிக்காகத்தான். தெரியாதது தெரிய வந்தபோது அவர் விவாதம் செய்யவில்லை. எங்கள் நாட்டு வழக்கம் வேறு என்று சொல்லவில்லை. எங்கள் முன்னோர் என்ன அறியாதவர்களா என்று சினக்கவில்லை. ஊர் திரும்பிய பின் பார்க்கலாம் என்று தள்ளிப் போடவும் இல்லை. இஹ்ராம் உடுப்பதற்கு முன்பே, அவருடைய ஹஜ்ஜின் பெரும்பகுதி அந்த நிமிடத்தில் நிறைவேறிவிட்டது என்று நமக்குத் தோன்றுகிறது. எடுத்துச் சொன்னவரையும் நாம் மறக்கலாகாது. செல்வர்களின் முன்னிலையில் மார்க்கச் சட்டம் தொண்டையில் சிக்கிக் கொள்ளும் காலத்தில், அந்த ஆளுநரின் நாவு நமக்கெல்லாம் பாடம்.

கொட்டிய பொன்

காஹிராவில் மூஸாவின் கை ஓயாது கொடுத்தது. அவருடைய அன்பளிப்பைப் பெறாத அதிகாரி ஒருவரும் அங்கே இல்லை என்ற நிலை ஏற்பட்டது. கூட வந்தவர்களும் கடைவீதியில் கண்டதை எல்லாம் வாங்கினர். வணிகர்கள் அவர்களுடைய வெள்ளை மனத்தைக் கண்டுகொண்டனர். ஒரு தீனார் பெறும் சட்டையை ஐந்து தீனாருக்கு விற்றனர். கேட்ட விலையைக் கொடுத்தவர்கள், ஏமாற்றம் தெரிய வந்த பிறகு மிஸ்ர் மக்கள் மேலிருந்த நல்லெண்ணத்தை இழந்தனர். அல்லாஹ்வின் விருந்தினரை ஏமாற்றிச் சேர்த்த பொருளில் அந்த வணிகர்களுக்கு என்ன பரக்கத் இருந்திருக்கும்?

பொன் பெருகியதும் அதன் விலை வீழ்ந்தது. அதற்கு முன் ஒரு மித்கால் பொன் இருபத்தைந்து வெள்ளி திர்ஹத்திற்குக் குறைந்ததில்லை. மூஸா வந்த ஆண்டு முதல் இருபத்திரண்டும் அதற்குக் கீழுமாக இறங்கிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அல்உமரீ எழுதும்போதும் அந்த நிலையே நீடித்ததாகக் கூறுகிறார். பொன்னாகச் சேமித்து வைத்திருந்த சாதாரணக் குடும்பங்களின் கைப்பொருளும் இதனால் குறைந்துதானே இருக்கும்! மழை நல்லதுதான், ஒரே இரவில் கொட்டினால் பயிர் அழுகும். தர்மத்திற்கும் அளவும் முறையும் வகுத்த மார்க்கம் நம்முடையது. கையைக் கழுத்தில் கட்டிக் கொள்ளவும் கூடாது, முற்றிலும் விரித்துவிடவும் கூடாது என்னும் நடுவழியைத் திருக்குர்ஆனின் பனூ இஸ்ராயீல் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது.

வெறுங்கையோடு திரும்பியவர்

அவ்வாண்டு ஹஜ் 1324 நவம்பர் இறுதியில் அமைந்தது. இரு ஹரம்களிலும் மூஸா வாரி வழங்கினார். திரும்பும் வழியில் சோதனை காத்திருந்தது. அவருடைய கூட்டம் ஹிஜாஸ் வழியில் கடுங்குளிருக்கு ஆளாயிற்று. வழி தவறியவர்களும் உண்டு. ஆட்களும் ஒட்டகங்களும் ஏராளமாக மடிந்தனர். எஞ்சியவர்கள் காஹிராவை அடைந்தபோது, நூறு சுமைப் பொன்னோடு புறப்பட்ட மன்னரிடம் ஊர் போய்ச் சேரக் காசில்லை. அவர் கடன் வாங்கினார்.

யாரிடம்? மிஸ்ர் நாட்டு வணிகர்களிடமே. அவர்கள் கொடுத்த ஒவ்வொரு முந்நூறு தீனாருக்கும் எழுநூறு தீனார் இலாபம் வைத்துக் கொண்டனர் என்கிறார் அல்உமரீ. எந்தப் பெயரிட்டு எழுதிக் கொண்டார்களோ, சுமை சுமைதான். கடன் கொடுத்தவர்களில் இஸ்கந்தரிய்யா நகரத்துப் பெருவணிகர் ஸிராஜுத்தீன் இப்னுல் குவைக் ஒருவர். கடனை வசூலிக்க ஆள் அனுப்பினார். போன ஆள் திரும்பவில்லை. பிறகு தாமே மகனையும் அழைத்துக் கொண்டு பாலைவனத்தைக் கடந்தார். திம்புக்த்து வரை வந்தவர் அங்கேயே மௌத்தானார். மகன் தலைநகருக்குச் சென்று பணத்தைப் பெற்றுக் கொண்டு மிஸ்ருக்குத் திரும்பினார் என்று இப்னு பதூதா எழுதுகிறார். திம்புக்த்துவில் அந்த வணிகரின் கப்ரையும் அவர் கண்டார்.

ஹஜ் கடமையாவதற்குச் சக்தி வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்களில் படிக்கிறோம். போக வழிச்செலவு மட்டும் சக்தியன்று. திரும்பி வரும் வரைக்கும் உள்ள செலவும், வீட்டிலிருப்போருக்கான செலவும் அதில் அடங்கும் என்பதே சட்டம். உலகத்துப் பொன்னில் பெரும்பங்கு வைத்திருந்த ஒருவருக்கே, போகும்போது காட்டிய தாராளம் திரும்பும்போது கடனாய் முடிந்தது. இன்று ஹஜ்ஜுக்குப் புறப்படும் முன் ஊர் கூட்டி விருந்து வைத்து, திரும்பி வந்ததும் உறவினர் அனைவருக்கும் பரிசு கொடுத்து, அதற்காக நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும்.

பொன்னுக்குப் பதில் வந்தவர்கள்

பொன் போயிற்று. அதற்குப் பதிலாக மன்னர் என்ன கொண்டு வந்தார் என்று பார்ப்போம். அவர் மனிதர்களைக் கொண்டு வந்தார். அந்தலுஸ் நாட்டுக் கர்னாத்தா நகரைச் சேர்ந்த கவிஞர் அபூ இஸ்ஹாக் அஸ்ஸாஹிலீ அவர்களுள் ஒருவர். மாலியின் தலைநகரில் மன்னருக்குக் குவிமாடத்தோடு கூடிய மண்டபம் கட்டிக் கொடுத்து, பன்னிரண்டாயிரம் மித்கால் பொன் பெற்றார் என்கிறார் இப்னு கல்தூன் (ரஹ்). திம்புக்த்து நகரின் ஜிங்கரேபர் என்னும் பெரிய பள்ளிவாசலை மூஸாவின் ஆணைப்படி அவரே கட்டினார் என்பது அந்நாட்டார் வழிவழியாகச் சொல்லி வருவது. அஸ்ஸாஹிலீ 1346ஆம் ஆண்டில் திம்புக்த்துவிலேயே காலமானார்.

ஹிஜாஸிலிருந்து அப்துர் ரஹ்மான் அத்தமீமீ (ரஹ்) என்னும் ஆலிமும் மூஸாவுடன் வந்தார். அவர் திம்புக்த்துவில் குடியேறிய போது, அந்த நகரம் ஆப்பிரிக்கக் கறுப்பின ஃபகீஹுகளால் நிறைந்திருக்கக் கண்டார். அவர்கள் ஃபிக்ஹில் தம்மை மிஞ்சியவர்களாக இருந்தனர். புனித பூமியிலிருந்து வந்த பெருமையைப் பிடித்துக் கொண்டு அவர் அமர்ந்துவிடவில்லை. மொரோக்கோவின் ஃபாஸ் நகருக்குச் சென்று ஃபிக்ஹு படித்துத் தேறி, அதன் பிறகே திம்புக்த்துவுக்குத் திரும்பி வந்து வாழ்ந்தார். பிற்காலத்தில் அவர் வழித்தோன்றல்களில் காழிகள் தோன்றினர். அரசருக்கு வாய்த்த அதே குணம் அவருடன் வந்த ஆலிமுக்கும் வாய்த்திருந்தது: தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக் கொள்ளும் குணம்.

மூஸா தம் நாட்டு மாணவர்களையும் ஃபாஸுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். அவ்வாறு சென்று வந்தவர்களில் காதிப் மூஸா (ரஹ்) ஒருவர். அவர் ஜிங்கரேபர் பள்ளிவாசலில் நாற்பது ஆண்டுகள் இமாமத் செய்தார். அந்த நாற்பது ஆண்டுகளில் ஒரு வக்துக்கும் தமக்குப் பதில் வேறொருவரை நிறுத்தவில்லை என்று அஸ்ஸஅதீயின் நூல் சொல்கிறது.

கணினியில் மாலி நாட்டை அமைக்கும் விளையாட்டு ஒன்றை வரலாற்றுக்கு உண்மையாக ஒருவர் உருவாக்க விரும்பினால், பூரேயில் பொன் வைப்பார். தகாஸாவில் உப்பு வைப்பார். ஒட்டகப் பாதைகளை வரைவார். நதிக்கரையில் நகரங்களை நிறுத்துவார். இவற்றுக்கெல்லாம் மதிப்பெண் கொடுப்பது எளிது. நாற்பது ஆண்டுகள் ஒரு தொழுகையும் தவறாமல் முன் நின்ற இமாமுக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பார்? பொன் தீர்ந்த பின்பும், பேரரசு சிதைந்த பின்பும் திம்புக்த்துவை நிலைநிறுத்தியது அந்த நாற்பது ஆண்டுகளைப் போன்ற உழைப்புத்தான்.

நிறைவேறாத ஆசை

ஊர் திரும்பிய மூஸாவுக்கு ஓர் ஆசை இருந்தது. ஆட்சியை மகனிடம் விட்டுவிட்டு மக்காவுக்கே மீண்டும் போய், ஹரமுக்கு அண்மையில் எஞ்சிய வாழ்நாளைக் கழிக்க வேண்டும் என்று எண்ணினார். அதற்குள் மௌத்து வந்துவிட்டது. அவர் இறந்தது 1337ஆம் ஆண்டளவில் என்பது பெரும்பாலோர் கருத்து. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஆண்டார். அவருக்குப் பின் மகனார் மகான் சில ஆண்டுகளும், பிறகு தம்பி ஸுலைமானும் ஆண்டனர்.

மூஸா மறைந்து பதினைந்து ஆண்டுகள் சென்ற பின், 1352ஆம் ஆண்டில் இப்னு பதூதா அந்நாட்டுக்குப் புறப்பட்டார். அவர் கண்டவற்றில் அவருக்குப் பிடிக்காதவையும் இருந்தன; அவற்றைத் தயங்காமல் எழுதினார். அதனாலேயே அவர் பாராட்டியவற்றை நாம் நம்பலாம். அந்நாட்டில் அநீதி குறைவு; வழிப்போக்கரும் ஊராரும் திருடருக்கு அஞ்சவில்லை; அங்கே இறந்துபோகும் வெளிநாட்டவரின் பொருளை, உரியவர் வரும்வரை நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைத்துக் காத்தனர். ஜும்ஆவுக்கு நேரத்தோடு போகாவிட்டால் பள்ளிவாசலில் இடம் கிடைக்காது. அதனால் பையனிடம் முஸல்லாவைக் கொடுத்து முன்னதாக அனுப்பி இடம் பிடித்தனர். ஒரே ஒரு பழைய சட்டை வைத்திருப்பவரும் அதைத் துவைத்து உடுத்திக் கொண்டே ஜும்ஆவுக்கு வந்தார். பிள்ளைகள் குர்ஆனை மனனம் செய்யாவிட்டால், மனனம் ஆகும் வரை காலில் விலங்கிடும் அளவுக்குக் கண்டிப்பு இருந்தது. அந்த விலங்கை நாம் பின்பற்றச் சொல்லவில்லை. அதன் பின்னிருந்த கவலையைப் பார்க்கச் சொல்கிறோம்.

1375ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவின் மயோர்க்காத் தீவில் வரையப்பட்ட உலகப் படத்தில், ஆப்பிரிக்காவின் நடுவே முடி சூடிய மூஸா கையில் பொன் உருண்டையோடு அமர்ந்திருக்கிறார். ஐரோப்பியர் கண்ணுக்கு அந்த உருண்டைதான் தெரிந்தது. இன்றைய பட்டியல்களுக்கும் விளையாட்டுகளுக்கும் தெரிவதும் அதே உருண்டைதான். திம்புக்த்து மக்களோ வேறொன்றைப் பிடித்துக் கொண்டனர். மண்ணால் கட்டப்பட்ட ஜிங்கரேபர் பள்ளிவாசலை ஊர் மக்களே கூடி மண் பூசிக் காத்து வந்தனர். 1988இல் உலக மரபுச் சின்னங்களில் அது சேர்க்கப்பட்டது. 2012ஆம் ஆண்டில் ஆயுதக் குழுக்கள் நகரைக் கைப்பற்றிய போது, தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வைத்திருந்த கையெழுத்து நூல்களைப் பெட்டிகளில் மறைத்து, உயிரைப் பணயம் வைத்துப் பமாக்கோ நகருக்குக் கொண்டு சேர்த்தனர். பொன்னுக்காக அல்ல, ஏடுகளுக்காக!

நம் வீட்டுக்கு

ஹஜ் ஏற்றுக் கொள்ளப்பட்டதா என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆனால் ஹஜ் செய்தவரிடம் ஏதேனும் மாறியதா என்பதை அவர் வீட்டார் அறிவார்கள். ஹாஜியார் என்ற பட்டம் பெயருக்கு முன்னால் வந்துவிட்டது; பழைய கொடுக்கல் வாங்கல் சீரானதா? பாகப் பிரிவினையில் சகோதரிக்குக் கொடுக்காமல் வைத்திருந்த பங்கு போய்ச் சேர்ந்ததா? வழக்கம் என்ற பெயரில் வீட்டில் நடந்து வந்த ஆகாத காரியம் ஒன்றேனும் நின்றதா? மருமகளிடம் கேட்டு வாங்கிய கைக்கூலியைத் திருப்பிக் கொடுக்க மனம் வந்ததா?

மன்னர் மூஸா கொண்டு போன பொன் ஓராண்டுக்குள் கரைந்தது. அவர் காட்டிய ஆடம்பரம் கடனில் முடிந்தது. தெரியாது என்று ஒப்புக் கொண்டு, அந்த நேரமே ஓர் ஆகாத வழக்கத்தை விட்ட அந்தச் சொல் மட்டும் எழுநூறு ஆண்டுகளாக அவருக்காகச் சாட்சி சொல்லி நிற்கிறது. நமக்கு அவருடைய பொன் வேண்டாம்; அந்தச் சொல் போதும்.

தெரிந்ததைச் செய்யவும், தெரியாததைக் கேட்டறியவும், ஆகாது என்று தெரிந்த கணமே அதை விடவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.